ஆகாயமும் நமது சிற்பிகளும்

வானத்தை நிமிர்ந்து பார்த்து வியவாத மக்கட் கூட்டம் உலகில் எங்கும் இருந்ததில்லை. ஆயினும், சூரிய சந்திரர்களும் கிரகங்களும் நட்சத்திரங்களும் சித்திரக்காரருக்கும் சிற்பிகளுக்கும் எவ்வாறு உணர்ச்சியூட்டி வந்திருக்கின்றன என்னும் பேச்சு எழும்போது, நம்மவரில் ஆங்கிலம் கற்றோர் உடனே மேனாட்டு ஓவியர்களின் பெயர்களை அடுக்கத் தொடங்குகின்றனர். நமது நாட்டில் அப்படி ஏதேனும் உண்டோ என்று கேட்டால், சற்றுத் தயங்கி, கோயிலிலுள்ள நவக்கிரக சந்நிதியைச் சுட்டிக் காட்டிவிட்டு மௌனமாகின்றனர். இவ்விடையில் அறியாமையும் இருக்கிறது. தன்னம்பிக்கைக் குறைவும் இருக்கிறது. எல்லையற்றதைக் கல்லிலே காட்டுவது எப்படி என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு விடையும் கண்ட சிற்பிகள் ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்னரே தமிழ்நாட்டில் இருந்தனர். அவ்விடைக்கு ஆதாரமான கதை நடந்த இடமென்று நம் முன்னோர் குறித்தது திருவண்ணாமலை. அச்சிற்பிகளைப் பற்றியும், அவர்களுக்கு ஆசானாக விளங்கிய இராவானம் இன்று நமது கையாலேயே மங்கி வருவதைப் பற்றியும் வாசகர்களிடம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

அண்ணாமலைக் கதையை அறியாத தமிழர் இலர். பிரமனுக்கும் திருமாலுக்கும் தம்முள் யார் பெரியவர் என்ற வழக்கு மூண்டது. அப்போது அவ்விருவருக்கும் நடுவே ஒரு தீப்பிழம்பு தூணாக எழுந்து நின்றது. அதன் முடியைக் காணப் பிரமன் அன்னமாகிப் பறந்தான். அடியைக் காணத் திருமால் பன்றியாகி நிலத்தை அகழ்ந்தார். இருவரும் காணவில்லை. திருமால் தாம் காணவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். பிரமனோ தாழம்பூவைச் சாட்சியாக அழைத்து வந்து, முடியைக் கண்டதாகப் பொய் சொன்னான். அத்தீத்தூணே குளிர்ந்து மலையாக நின்றது என்பது தல புராணம். ஞானசம்பந்தர் தமது பதிகங்களில் பெரும்பாலும் ஒன்பதாம் பாடலில் இந்த அடிமுடி தேடிய செய்தியை வைத்துப் பாடுவதை ஒரு நியமமாகவே கொண்டிருந்தார். ஆகவே ஏழாம் நூற்றாண்டிலேயே இக்கதை தமிழ்நாடெங்கும் செவிவழிப் பரவியிருந்தது என்பதில் ஐயமில்லை.

செவியால் கேட்ட கதையைக் கண்ணுக்குக் காட்ட வேண்டிய பொறுப்பு சிற்பியின் தலையில் விழுந்தது. அவனுடைய சங்கடத்தை வாசகர்கள் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். கவி, ‘முடிவில்லை’ என்று ஒரு சொல்லால் சொல்லிவிட்டு அப்பால் போகலாம். சிற்பியின் கல்லுக்கோ நான்கு புறமும் எல்லை உண்டு. ஆறடி உயரமுள்ள கல்லில், அடியும் முடியும் இல்லாத ஒரு பொருளை எவ்வாறு செதுக்குவது? எவ்வளவு பெரிய கல்லை எடுத்தாலும் அதற்கும் ஒரு முடிவு உண்டல்லவா?

காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவச் சிற்பிகள் இக்காட்சியைச் செதுக்கியிருக்கின்றனர். பின்னர்ச் சோழர் காலத்தில் சிவாலயங்களின் கருவறைப் பின்சுவர் மாடத்தில் லிங்கோத்பவ மூர்த்தியை வைப்பது வழக்கமாயிற்று. ஏறக்குறைய கி.பி. 900-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சோழநாட்டு லிங்கோத்பவர் லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கிறார். தமிழ்நாட்டுக் கோயில்களில் காணும் இவ்வடிவத்தை ஊன்றிப் பாருங்கள். நெடிய தூணின் நடுவே மேலும் கீழும் கூர்த்த ஒரு பிளவு. அதனுள்ளே இறைவன் திருவுருவம். மேலே சிறியதோர் அன்னம். கீழே நிலத்தைக் கிளறும் பன்றி. இறைவனுடைய பாதங்களைத் தேடினால் அவை தூணுக்குள் மறைந்திருக்கும். கணுக்காலுக்குக் கீழே சிற்பி உளியை எடுக்கவே இல்லை. சடாமுடியின் உச்சியும் அவ்வாறே கல்லுக்குள் மறைந்துவிடும். செதுக்கத் தெரியாமல் விட்டதன்று. செதுக்கக் கூடாது என்று விட்டது. தான் காணாத அடியையும் முடியையும் கண்டதுபோலக் காட்டினால், தாழம்பூவின் பொய்ச்சாட்சியைத் தானும் சொன்னதாகும் என்பதை அவன் உணர்ந்திருந்தான். கண்ட அளவைச் செதுக்கினான். காணாததைக் கல்லுக்குள்ளேயே நிறுத்திவிட்டான். முடிவின்மையைக் காட்டுவதற்கு இதைவிட எளிய உபாயமும் நேர்மையான உபாயமும் வேறில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை செய்வது அவசியமாகிறது. நமது முன்னோருக்கு தூரதர்சினிக் கண்ணாடி தெரியும், அண்டவெளியின் கணக்கெல்லாம் தெரியும், மேனாட்டார் இன்று சொல்வதை அவர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. அவ்வித வீண்பெருமை நமக்கு வேண்டாம். லிங்கோத்பவர் வான சாஸ்திரப் படமன்று. அது பக்தியின் வடிவம். நாம் சொல்வது வேறு. தலைக்குமேல் விரிந்த அளவற்ற வெளியைக் கண்டு மனிதனுக்கு உண்டாகும் வியப்பையும் அடக்கத்தையும் அச்சிற்பி கலையாக்கினான். அதை மறுப்பது சிறுமை. இல்லாததை ஏற்றிச் சொல்வதும் சிறுமை. முன்னோர் பெருமைக்குப் பொய்ச்சாட்சி தேவையில்லை.

தீபமும் ஆறு மீன்களும்

திருவண்ணாமலையின் பெருவிழாவும் வானத்தையே நாளேடாகக் கொண்டது. நமது மாதங்களின் பெயர்கள், முழுநிலவு எந்த நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிறதோ அதைக் கொண்டு அமைந்தவை. கார்த்திகை மாதத்துப் பௌர்ணமியன்று சந்திரன் கிருத்திகைக் கூட்டத்தை அடுத்து உதயமாகிறான். கிழக்கே சந்திரன் எழும் அந்திப் பொழுதில், ஏறக்குறைய 2,670 அடி உயரமுள்ள மலையுச்சியில் கொப்பரைத் தீபம் ஏற்றப்படுகிறது. வானத்தில் ஓர் ஒளி, மலையில் ஓர் ஒளி, வாசலில் அகல்விளக்கின் ஒளி என்று மூன்றையும் ஒரு வரிசையில் நிறுத்திய இந்த ஏற்பாடு ஒரு பெரிய சித்திரமே ஆகும். மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் செல்லும் வழியில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்களை நிறுவியவர்கள், நிலத்தையே ஒரு திசைச் சக்கரமாக எழுதிவிட்டார்கள்.

கிருத்திகையில் சாதாரணக் கண்ணுக்குத் தெரிவன ஆறு மீன்கள். அவற்றையே முருகனை வளர்த்த ஆறு தாய்மாராக நம் புராணம் கண்டது. இன்றைய வான சாஸ்திரிகள் அது நூற்றுக்கணக்கான இளம் நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு கூட்டம் என்றும், ஏறக்குறைய 440 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது என்றும் அளந்திருக்கின்றனர். கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை நாயக்கர் சேவப்பர் காலத்தில் நிறைவு பெற்றதாகக் கூறப்படும் 217 அடி உயர இராஜகோபுரம் எழும்பியதும் ஏறக்குறைய அக்காலமே. அதாவது, கோபுரத்தின் சுதைச் சிற்பிகள் சாரத்தில் நின்ற தலைமுறையில் கிருத்திகையை விட்டுப் புறப்பட்ட ஒளியே இன்று நம் கண்ணை வந்து அடைகிறது. சாஸ்திரம் வளர வளர வியப்புக் குறைகிறது என்று சொல்வோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

விதானத்தில் எழுதிய வானம்

சிற்பியோடு சித்திரக்காரனும் வானத்தை விடவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உள்வழியில், நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் காலத்து ஓவியங்கள் மறைந்திருந்ததை 1931-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி வெளிப்படுத்தினார். அங்கே சுந்தரர் வெள்ளை யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் ஏறி ஆகாய மார்க்கமாகக் கயிலைக்குச் செல்கின்றனர். பூமியை விட்டு நீங்கிய பயணத்தை அச்சோழ ஓவியன் எவ்வாறு எண்ணினான் என்பதை அச்சுவர் நமக்குச் சொல்கிறது. அருகே, முப்புரங்களை எரிக்கப் புறப்பட்ட இறைவனின் தேரைப் பிரமன் ஓட்டுகிறான். சூரியனும் சந்திரனும் சக்கரங்களாக, பூமியே தேராக அமைந்தது என்பது அத்தேரின் கதை. வானத்துப் பொருள்களை வெறும் அலங்காரமாக அன்றி, இயங்கும் உறுப்புகளாகவே நம்மவர் எண்ணினர்.

திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில், இந்திரலோகத்திலிருந்து தியாகராஜ மூர்த்தியை முசுகுந்தச் சக்கரவர்த்தி பூமிக்குக் கொண்டுவந்த கதை வரிசை வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவன் பெயர் சிங்காதனம். அவன் தன் பெயரையும் அங்கேயே பொறித்து வைத்தான். தலையை உயர்த்திப் பார்க்க வேண்டிய இடத்திலே தேவலோகத்தை எழுதினான் என்பதைக் கவனிக்க வேண்டும். இனி, விஜயநகர, நாயக்கர் காலத்து மண்டபங்கள் பலவற்றில் விதானக் கற்களை நிமிர்ந்து பார்ப்போர், வட்டமாகிய சூரியனையோ சந்திரனையோ பாம்பு விழுங்க வரும் கிரகணக் காட்சியைக் காணலாம். பாம்பு விழுங்குவது கிரகணத்தின் காரணமன்று என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் நடுப்பகலில் உலகம் இருண்ட கணத்தின் திகைப்பைக் கல்லிலே பதித்து வைத்தவன் பெரிய கலைஞன் என்பதற்கு அதனால் குறைவு ஏதும் இல்லை.

மேனாட்டார் கண்ட வானம்

மேனாட்டிலும் கதை இவ்விதமே தொடங்குகிறது. 1301-ஆம் ஆண்டில் ஹாலியின் வால்நட்சத்திரம் தோன்றியது. சில ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியின் பாதுவா நகரத்துச் சிறு கோயிலொன்றில் ஏசுநாதர் பிறப்பை எழுதிய ஜியோட்டோ, பெத்லகேம் நட்சத்திரத்தை நெருப்பு வாலோடு கூடிய வால்நட்சத்திரமாகவே எழுதினான். அதுவரை ஓவியர்கள் அதை ஒரு பூவைப் போலத் தீட்டி வந்தனர். ஜியோட்டோ தன் கண்ணை நம்பினான்.

1609-ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் என்பவர் தூரதர்சினி வழியே சந்திரனைப் பார்த்து வரைந்தார். அதில் ஒளிக்கும் இருளுக்கும் இடைப்பட்ட கோடு கோணலாக இருப்பதை வரைந்தாரேயன்றி, அது ஏன் என்பது அவருக்கு விளங்கவில்லை. அதே ஆண்டின் இறுதியில் கலிலியோ பார்த்தார். அவை மலைகளும் பள்ளங்களும் என்று உடனே கண்டுகொண்டார். காரணம் என்னவெனில், கலிலியோ சித்திர வித்தையில் பழகியவர். நிழல் எப்படி விழுந்தால் மேடு, எப்படி விழுந்தால் பள்ளம் என்பது அவர் கைக்கும் கண்ணுக்கும் தெரிந்திருந்தது. அவருடைய நண்பரான ஓவியர் சிகோலி, ரோமாபுரியின் சாந்தா மரியா மஜ்ஜோரே ஆலயத்தில் 1612-இல் முடித்த ஓவியத்தில், தேவமாதாவின் காலடியிலுள்ள சந்திரனைக் குழிகள் நிறைந்ததாகவே எழுதினார். சாஸ்திரி கலைஞனுக்குக் கற்பித்தார் என்பது பாதி உண்மை. கலை சாஸ்திரிக்குக் கண் கொடுத்தது என்பது மற்றப் பாதி. நம் பள்ளிகளில் சித்திர வகுப்பைப் பொழுதுபோக்கென்று எண்ணிக் கணக்கு வகுப்புக்குத் தாரை வார்ப்போர் இதைக் கவனிப்பார்களாக.

1845-இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு தமது பெரிய தூரதர்சினியால் சுழல் வடிவமான ஒரு நெபுலாவைக் கண்டு கையாலேயே வரைந்தார். 1889 ஜூன் மாதம் வான் கோ எழுதிய ‘நட்சத்திர இரவு’ ஓவியத்தின் சுழிகளில் அப்படத்தின் சாயல் உண்டென்று கருதும் கலை ஆராய்ச்சியாளரும் உளர். 1944-இல் அமெரிக்கர் செஸ்லி போன்ஸ்டல், டைட்டன் என்னும் துணைக்கோளில் நின்று பார்த்தால் சனிக்கிரகம் தெளிந்த நீலவானில் எவ்வாறு தோன்றும் என்று எழுதிக் காட்டினார். 2005 ஜனவரியில் ஹைகென்ஸ் என்னும் கலம் அத்துணைக்கோளில் இறங்கியபோது, அங்கே இருப்பது ஆரஞ்சு நிறமான அடர்ந்த மூடுபனி என்பது உறுதியாயிற்று. போன்ஸ்டலின் கற்பனை பிழைத்தது; ஆயினும் அதைக் கண்டு வான சாஸ்திரத்துக்கு வந்த இளைஞர் பலர். 1965 மார்ச் 18-ஆந் தேதி விண்கலத்திற்கு வெளியே முதன்முதல் மிதந்த ருஷிய வீரர் அலெக்ஸி லியோனவ், வர்ணப் பென்சில்களையும் உடன் கொண்டுபோய், கலத்திலிருந்து கண்ட சூரியோதயத்தை அங்கேயே வரைந்தார். 1969-இல் சந்திரனில் நடந்த ஆலன் பீன், பின்னர் உத்தியோகத்தை விட்டு வாழ்நாள் முழுதும் சந்திரனையே ஓவியமாக எழுதினார். நிழற்படக் கருவிகள் எத்தனையோ இருந்தும், தம் கையால் எழுதினாலன்றித் தாம் கண்டது பிறருக்குப் புலப்படாது என்று அவ்விருவரும் எண்ணினர்.

நமது காலத்தில் இவ்வழி அற்றுவிடவில்லை. சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராயிருந்து, 1966-இல் சோழமண்டலம் கலைக் கிராமத்தைத் தோற்றுவித்த கே. சி. எஸ். பணிக்கர், 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசையை எழுதினார். ஜாதகக் கட்டங்களும் கிரகக் குறிகளும் அவ்வோவியங்களுக்கு வித்தாயின. பாரிஸைப் பார்த்து எழுதுவதை விட்டு, நம் வீட்டுப் பரணிலுள்ள ஜாதகச் சுவடியைப் பார்த்து எழுதலாம் என்று காட்டியவர் அவர். நமது பெண்மணிகளும் பின்தங்கவில்லை. 2023 ஆகஸ்ட் 23-ஆந் தேதி சந்திரயான்-3 சந்திரனின் தென்துருவத்தருகே இறங்கிய பின் வந்த நவராத்திரியில், எத்தனையோ வீடுகளின் கொலுப்படிகளில் மரப்பாச்சிக்கு அருகே சந்திரக் கலமும் இடம் பெற்றது. இதைச் சிறுபிள்ளை விளையாட்டென்று நாம் தள்ளமாட்டோம். ஜனங்களின் கலை வானத்தை எட்டிப் பிடிப்பதற்கு இதுவும் அத்தாட்சி.

மங்கி வரும் வானம்

நிற்க. இத்தனை கலைக்கும் மூலதனம் ஒன்றே. அது இருண்ட இரவு. அந்த மூலதனத்தை நாம் எப்படிச் செலவழித்து வருகிறோம் என்பதே நம் கவலை.

திருவண்ணாமலைக்கு வடமேற்கே, நேர்க்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள், ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. நகர விளக்குகள் எட்டாத இருளைத் தேடி வந்த வைனு பாப்பு என்னும் பேரறிஞர் அங்கே 1968 முதல் வானாராய்ச்சி நடக்க வழி செய்தார். 1972-இல் வியாழனின் துணைக்கோளாகிய கானிமீடில் வளிமண்டலத்தின் அறிகுறி அங்கிருந்து காணப்பட்டது. யுரேனஸின் வளையங்களை வெளிப்படுத்திய 1977-ஆம் ஆண்டு நோக்கிலும் காவலூர் பங்கு கொண்டது. நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் விட்டமுள்ள தூரதர்சினி 1986 ஜனவரி 6-ஆந் தேதி திறக்கப்பட்டு, 1982-இல் காலமான அப்பெரியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே ஆண்டில் ஹாலியின் வால்நட்சத்திரம் மீண்டும் வந்தது. அதன் அருகே மார்ச் மாதம் பறந்து சென்ற ஐரோப்பியக் கலத்துக்கு வைத்த பெயர் ஜியோட்டோ! ஏறத்தாழ எழுநூறு வருஷங்களுக்கு முன் வானத்தைத் தன் கண்ணால் பார்த்த ஓர் ஓவியனை மேனாட்டார் அவ்வாறு கௌரவித்தனர். 1988-இல் காவலூரில் கண்ட ஒரு சிறுகோளுக்கு நம்மவர் கணிதமேதை இராமானுஜன் பெயரைச் சூட்டினர். மிகவும் பொருத்தமே. நமது சிற்பிகளுக்கும் அவ்வித கௌரவம் ஒருநாள் வரட்டும்.

ஆனால் இருளை நாடிச் சென்ற அம்மலையையும் விளக்கொளி துரத்திக்கொண்டே வருகிறது. சுற்றிலும் ஊர்கள் வளர்கின்றன, வளர வேண்டியதே. வெளிச்சம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தரையில் விழ வேண்டிய வெளிச்சம் வானத்தில் போய் விழுவதைத்தான் வேண்டாம் என்கிறோம். மூடியில்லாத விளக்கிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் ஒளி, காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, வானமெங்கும் ஒரு சாம்பற் பூச்சாகப் படிகிறது. நீலங்கலந்த வெள்ளை ஒளி மஞ்சளொளியைக் காட்டிலும் அதிகமாகச் சிதறும். உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் தாம் வாழும் இடத்திலிருந்து ஆகாயகங்கையைக் காண இயலாத நிலையில் இருக்கின்றனர் என்று 2016-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டுக் கூறியது. நமது நகரங்களில் வளரும் சிறுவனை ஆகாயகங்கை எதுவென்று கேட்டால், புத்தகப் படத்தைக் காட்டுவான். அண்ணாந்து விரலை நீட்டமாட்டான். கிருத்திகையின் ஆறு மீன்களை எண்ணச் சொன்னால் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வான். கண்ணால் காணாதவன் பிறர் எடுத்த படத்தைப் பார்த்துப் படம் எழுதலாம். ஆனால் அது ஜியோட்டோவின் வழியுமன்று, நமது லிங்கோத்பவச் சிற்பியின் வழியுமன்று. காணாததைக் கண்டதாகச் சொல்லும் தாழம்பூவின் வழிக்கே அது அண்டையது.

வெளியிலுள்ள வானம் மங்குவது போலவே, விதானத்தில் எழுதிய வானமும் மங்குகிறது. எண்ணெய்ப் புகையாலும் மழைநீர்க் கசிவாலும் அழிந்தவை ஒருபுறம். திருப்பணி என்ற நல்லெண்ணத்தாலேயே சுண்ணாம்பு அடித்து மறைத்தவை மற்றொருபுறம். தஞ்சையில் ஓர் ஓவியத்தின் மேல் மற்றோர் ஓவியம் எழுதப்பட்டதால் அடியிலுள்ளது தப்பியது. சுண்ணாம்புப் பூச்சுக்கு அந்தக் கருணை கிடையாது. திருவாரூரில் சில ஆண்டுகளுக்கு முன் தக்க நிபுணர்களைக் கொண்டு சிங்காதனத்தின் ஓவியங்களைப் புதுப்பித்துக் காத்தனர். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது சான்று.

செய்ய வேண்டுவது என்ன?

லடாக்கிலுள்ள ஹன்லே வானாராய்ச்சி நிலையத்தைச் சுற்றிய பகுதியை 2022 டிசம்பரில் இருள்வான் காப்பகமாக அறிவித்தனர். அங்குள்ள கிராமத்தார் விளக்குகளுக்கு மூடியிட்டும் ஜன்னல்களுக்குத் திரையிட்டும் ஒத்துழைக்கின்றனர். வானத்தைக் காண வரும் பிரயாணிகளால் அவர்களுக்கு வருமானமும் உண்டாயிற்று. கொல்லிமலையில் இருள்வான் பூங்கா அமைக்கப் போவதாகத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2023-இல் அறிவித்தது. எனவே நாம் கேட்பது புதுமையானதொன்றன்று, எட்டாததுமன்று.

முதலாவது, ஜவ்வாது மலையைச் சூழ்ந்த ஜில்லாக்களிலும் திருவண்ணாமலை நகரிலும் தெருவிளக்குகளுக்கு ஒளியைத் தரைக்குத் திருப்பும் மூடிகள் இட வேண்டும். கூடியவரையில் மஞ்சளொளி விளக்குகளையே பயன்படுத்த வேண்டும். கிரிவலப் பாதையில் இரவெல்லாம் நடக்கும் பக்தர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கும் முதியோருக்கும், வெளிச்சம் குறைந்தால் அபாயமல்லவா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மூடியிட்ட விளக்கு கண்ணைக் கூசச் செய்யாமல் பாதையையே காட்டுகிறது. பள்ளமும் கல்லும் முன்னிலும் நன்றாகத் தெரியும். வீணே வானத்துக்குப் போகும் மின்சாரத்துக்கும் வரி கொடுப்பவர்களே விலை கொடுக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, கிரிவலத்துக்குப் பெருங்கூட்டம் சேர்வது பௌர்ணமியில். நட்சத்திரங்கள் நன்கு தோன்றுவது அமாவாசையில். ஆதலால் மாதம் ஓர் இரவு, அமாவாசையை ஒட்டி, பாதுகாப்புக்கு வேண்டிய விளக்குகளை விட்டு, கடைகளின் விளம்பர விளக்குகளையும் அலங்கார விளக்குகளையும் சில மணி நேரம் அணைத்து வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பௌர்ணமியில் மலையை வலம் வருவோர், அமாவாசையில் வானத்தை ஒருமுறை பார்த்தால் புண்ணியம் குறைந்துவிடாது.

மூன்றாவது, சென்னையிலும் கும்பகோணத்திலுமுள்ள ஓவியக் கல்லூரி மாணவர்களும், மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரி மாணவர்களும் தம் படிப்புக் காலத்தில் சில இரவுகளையாவது ஜவ்வாது மலையில் கழிக்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். அவர்கள் கையில் காகிதமும் கரியும் இருந்தால் போதும். தூரதர்சினி வழியே கண்டதையும் வெறுங்கண்ணால் கண்டதையும் அங்கேயே வரையட்டும். வானாராய்ச்சி நிலையத்தாரும் இதனால் நன்மையே பெறுவர்.

நான்காவது, எந்தக் கோயிலில் திருப்பணி தொடங்கினாலும், முதலில் விதானத்தை நிமிர்ந்து பார்த்து, அங்குள்ள சித்திரத்தையும் சிற்பத்தையும் படமெடுத்துப் பதிவு செய்து, நிபுணர் சொல்லைக் கேட்ட பின்னரே சுண்ணாம்பு வாளியை உள்ளே விட வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் இதைத் தம் பொறுப்பாகக் கொண்டால் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இவற்றுக்குக் கோடிக்கணக்கான திரவியம் தேவையில்லை. சிறிது யோசனையும் ஒற்றுமையும் இருந்தால் போதும். பெற்றோரும் ஆசிரியர்களும் இன்றே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. நிலவில்லாத ஓர் இரவில் பிள்ளைகளை ஊருக்கு வெளியே அழைத்துச் சென்று, கிருத்திகையின் மீன்களை எண்ணச் சொல்லுங்கள். அவர்கள் எத்தனை எண்ணினார்களோ அத்தனையை மட்டும் வரையச் சொல்லுங்கள். ஒன்றும் கூட்ட வேண்டாம், ஒன்றும் குறைக்க வேண்டாம். அடியையும் முடியையும் கல்லுக்குள் விட்டு உளியை எடுத்த அந்தப் பழைய சிற்பியின் பாடம் அதுவே. அப்பாடத்தைக் கற்கும் பிள்ளைகளில் எவன் சிற்பியாவான், எவள் வான சாஸ்திரியாவாள் என்பதை நாம் இன்று சொல்ல இயலாது. அவர்கள் பார்ப்பதற்கு ஒரு வானத்தை மிச்சம் வைப்பது மட்டும் நமது கடமை.